வாசற்படியாகக் கிடந்த கல்

எனது பெயர் இராசசிங்கம் ஜஸ்ரின். வயது 38. சமயம் கிறிஸ்தவம். சண்டிலிப்பாயில் தாயார் பியாட்றிஸுடன் வசித்து, அங்கேயே திருமண மண்டபம் நடத்தி வருகிறேன். கோப்பாயைச் சேர்ந்த நடராசா என்பவர் பொலிஸில் செய்த முறைப்பாடு பற்றி நான் கூறுவதாவது:

எங்களுடைய பழைய புகையிலைக் கொட்டிலைத்தான் மண்டபமாக மாற்றினேன். கூரையை அப்படியே விட்டு, இடித்த வீடுகளின் கதவு, யன்னல், கல் என்பவற்றைக் கொடிகாமத்தில் ஒருவரிடம் வாங்கி லொறியில் கொண்டுவந்து கட்டினேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பழசைக் கண்டால் விடமாட்டார்கள். அந்த லொறியில் வந்த ஒரு தட்டைக் கல்லை வாசற்படியாகப் பதித்தேன். அதன் ஒரு பக்கம் முழுதும் சுண்ணாம்புச் சாந்து அப்பியிருந்ததால் அந்தப் பக்கத்தைக் கீழே போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடராசாவின் மகள் கோபிகாவின் திருமணம் நடந்தது. தாலி கட்டிய பின்னர் ஐயர் அம்மி எங்கே என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவார்கள் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் கொண்டுவருவார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். நடராசா என்னிடம் ஓடிவந்து, "தம்பி, நேரம் போகுது, ஏதும் ஒரு கல்லெண்டாலும் தாரும்" என்றார். எனக்கு அம்மி என்றால் சம்பல் அரைக்கிற கல், அவ்வளவுதான். அலவாங்கால் வாசற்படியைக் கிளப்பிக் கொடுத்தேன். பெண்கள் அதைக் கழுவி மஞ்சள் பூசினார்கள். மாப்பிள்ளை வாகீசன் மணப்பெண்ணின் காலை எடுத்து அதில் வைத்து மெட்டி அணிவித்தார்.

அதன் பின்னர் கல்லை அப்புறப்படுத்தப் புரட்டியபோது, கழுவிய தண்ணீரில் ஊறியிருந்த சாந்து கழன்று விழுந்து சிலுவையும் எழுத்தும் தெரிந்தன. நடராசா, "உது சேமக்காலைக் கல்லடா. என்ரை பிள்ளையை இதிலையோ கால் வைக்கப் பண்ணினனீ?" என்று கேட்டு என்னை அறைந்தார். கோபிகா அதன் பிறகு அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை.

நான் குனிந்து வாசித்தேன். 'இராசசிங்கம் பியாட்றிஸ் தம்பதியின் மகள் றெபேக்கா' என்று இருந்தது. அது என் தங்கை. பால் குடிக்கும் வயதில் காய்ச்சலில் இறந்தவள். அறை விழுந்த கன்னம் வீட்டுக்கு வந்த பிறகுதான் நொந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பி வந்தபோது, அவளைப் புதைத்த சேமக்காலையில் அந்தக் கல் இருக்கவில்லை. அதை யார் பிடுங்கினார்கள், எந்தச் சுவரில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா இன்றுவரை அங்கே வேப்பமரத்தடியில் உத்தேசமாக ஓரிடம் பிடித்துப் பூ வைத்து வருகிறார். மண்டபத்துக்கு வரும்போதெல்லாம் செருப்பை அந்தப் படியில்தான் கழற்றி விடுவார்.

அவர்களுடைய சமயத்தை அவமதிக்க நான் நினைக்கவில்லை. நடராசா அண்ணை அறைந்தது பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. பெண்ணைப் பெற்றவர், நானென்றாலும் அடித்திருப்பேன். அம்மாவுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. சான்றுப்பொருளாகக் கொண்டுவந்த கல் இந்தப் பொலிஸ் நிலைய வாசலில் கிடக்கிறது. வந்தபோது நானும் அதைக் கடந்துதான் வந்தேன். வழக்கு முடியும்வரை அதை யாரும் மிதிக்காத இடத்தில், எழுத்து மேலே தெரிய வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டிய இவை யாவும் உண்மையென ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. ஜஸ்ரின்