சோதனைக் கோலும் குவபராவின் கையும்

2023ஆம் ஆண்டு நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி. ஹமமாட்சு நகருக்கு வெளியே, கார்க் கதவுகள் பொருத்தும் எங்கள் தொழிற்சாலையின் இறுதிச் சோதனைக் கூடம். அன்று மதிய உணவில் முள்ளங்கி ஊறுகாய் சற்றே உப்புக் கரித்தது. அதைத் தவிர அந்த நாளைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, ஆய்வாளர் ஐயா.

என் பெயர் இகராஷி ஃபுமியே. வயது அறுபத்தேழு. சோதனைப் பிரிவின் தலைவி. ஓய்வு பெற்ற பின்னும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து என்னை வைத்துக்கொண்டார்கள். வரும் மார்ச்சுடன் அதுவும் முடியவிருந்தது. என் இடம் குவபரா தட்சுவோவுக்கு என்று முடிவாகியிருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் முந்திக்கொண்டு சொல்கிறேன்.

சோதனை எளிது. கதவின் உள்பக்கம் ஒருவர் அமர்ந்து சுவிட்சை இயக்க வேண்டும். வெளியே நிற்பவர் கண்ணாடி ஏறும் வழியில் ரப்பர்க் கோலை நீட்ட வேண்டும். கோல் தட்டுப்பட்டதும் சென்சார் உணரும், கண்ணாடி இறங்கிவிடும். வெளியே நிற்பவர் அதை விரலால் சுட்டிக்காட்டி, 'சரி' என்று உரக்கச் சொல்வார். அச்சொல் வந்த பிறகே உள்ளே இருப்பவர் சுவிட்சிலிருந்து கையை எடுக்கலாம். இவ்விதியை வகுத்தவள் நான்.

குவபரா கோலைத் தொடுவதில்லை. தம் கையையே நீட்டுவார். சென்சார் ஒருமுறையும் தவறியதில்லை. அதுதான் அவரைக் கெடுத்தது. அலட்சியத்துக்கு விலையே இல்லாதபடி ஒரு கருவியைச் செய்து கொடுத்தால் மனிதர்கள் இப்படித்தான் ஆவார்கள். குழந்தையைப் பின்னிருக்கையில் விட்டுவிட்டுக் கைப்பேசியைத் தடவுகிற பெற்றோரும் இதே இனம்தான்.

அன்று காலையிலும் சொல்லிப் பார்த்தேன். "கோலை எடுங்க, குவபரா-சான்."

"இந்தக் கண்ணாடிக்கு என் கை நல்லாப் பழக்கம், இகராஷி-சான். என் பொண்டாட்டி கிள்ளுற அளவுக்குக்கூட அழுத்தாது."

கூடமே சிரித்தது. "நாத்தனார் ஆரம்பிச்சாச்சு" என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது. அங்கே எனக்கு வைத்திருக்கும் பெயர் அது. நான் பொருட்படுத்துவதில்லை.

உணவு இடைவேளையில் கூடம் காலியாக இருந்தது. மேசையிலிருந்த கதவின் மின்கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அப்படிச் செய்தால், கண்ணாடி எதுவரை ஏற வேண்டும் என்பதை அந்த வகைக் கதவு மறந்துவிடும். ஒருமுறை முழுவதும் ஏற்றிப் பழக்கும்வரை சென்சார் எதையும் உணராது. சுவிட்சை ஒருமுறை தட்டினால் கண்ணாடி தானாக ஏறாது. சுவிட்சை இழுத்துப் பிடித்தபடியே இருந்தால்தான் ஏறும். ஒன்றரை மணிக்கு உள்பக்கம் அமர்ந்த நான் அதை இழுத்துப் பிடித்திருந்தது, வெளியே நின்ற குவபராவின் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஒழுங்கான தொழிலாளிக்கு அந்த எச்சரிக்கையே போதும். ஆகவே இதை யாரும் பொறி என்று சொல்ல முடியாது.

குவபரா இடக்கையை நீட்டினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. மே மாதப் பட்டம் விடும் திருவிழாவில் தம் தெருவின் பெரிய பட்டத்துக்குக் கயிறு பிடிக்கப்போவது தாம்தான் என்று அடுத்த மேசைத் தோனொமுராவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி கையைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்தபோதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கை மாட்டிக்கிச்சு, இகராஷி-சான். விடுங்க." பிறகு மிகவும் மெதுவாக, "அம்மா, விட்டுடுங்க" என்றார்.

நான் அவருக்கு அம்மா அல்லேன். விதி கேட்கும் சொல்லும் அதுவன்று. நான் காத்திருந்தேன். மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. உள்ளே ஏதோ முறிந்த ஒலி கேட்டது. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்போதும் அவர் 'சரி' என்று சொல்லவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. தோனொமுரா ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். சோதனையின் நடுவே குறுக்கிட்டதற்காக அவள்மேல் நடவடிக்கை எடுக்குமாறு அன்று மாலையே மேலாளரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். இந்தக் காலத்து மேலாளர்கள் இப்படித்தான்.

நீங்கள் கேட்டதற்கு நேரான விடை இதுதான்: கம்பியைக் கழற்றி மாட்டியவள் நான். கண்ணாடி நிற்காது என்று தெரிந்தே சுவிட்சை இழுத்துப் பிடித்தவளும் நான். குவபராமீது எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை.

அவருடைய இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். டிசம்பரில் முடிவானவை இவை: இனிக் கோலை இயந்திரமே நீட்டும். என் ஒப்பந்தம் மார்ச்சுக்குக் காத்திராமல் ரத்தாகிறது. உங்கள் அலுவலகம் இவ்வழக்கை அரசு வழக்கறிஞரிடம் அனுப்புகிறது. ஜனவரி முதல் சோதனைப் பிரிவு குவபராவின் பொறுப்பு. பொறுப்பேற்கும் முன் விதிகளை அவருக்கு ஒருமுறை முறையாகக் கற்றுத்தருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். வேண்டாம் என்றுவிட்டாராம். நான் இவ்வளவு சிரமப்பட்டும் அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.