ஒரே தேதிக்கு ரெண்டு போட்டி

ராபர்ட்டா: ...இல்ல, நீ உக்காராத. நின்னுக்கிட்டே பேசு. உக்காந்தா எந்திரிக்க மாட்ட.

கேலன்: விச்சிட்டாலருந்து மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றேன்க்கா. ஒரு காபி...

ராபர்ட்டா: காபியா! டுல்சாவுல நம்ம அப்பா ஆரம்பிச்சு இருபத்தோரு வருஷமா நடக்குற பில்லியர்ட்ஸ் போட்டி இது. நான் தேதி சொன்ன மறுநாளே, அதே தேதிக்கு உன் ஊர்ல நீயும் ஒரு போட்டின்னு போஸ்டர் ஒட்டுற. உனக்குக் காபி ஒண்ணுதான் கேடு!

கேலன்: பதினாறு வருஷம் நானும்தானே கூட நின்னு நடத்தினேன்? அத மட்டும் சொல்ல மாட்டியே.

ராபர்ட்டா: நீதான் கோவிச்சுக்கிட்டுப் போன.

கேலன்: நீதான் போகச் சொன்ன.

வெர்ஜில்: கேலன், மேசையில கைய ஊனாதப்பா. இப்பத்தான் மட்டம் பாத்து வச்சேன்.

கேலன்: ஸாரி வெர்ஜில் அண்ணே...

ராபர்ட்டா: வருஷத்துக்கு அம்பத்திரெண்டு வாரம். அக்டோபர் ரெண்டாவது வாரந்தான் உன் கண்ணுல பட்டுச்சா?

கேலன்: டிவிக்காரங்க அந்த வாரத்தத்தான் குடுத்தாங்க. நான் என்ன பண்ண? நீ மாத்திக்கோயேன்.

ராபர்ட்டா: எப்பிடி மாத்துறது? ஆட்டக்காரங்க தங்குற ஓட்டல் அந்த வாரம் மட்டுந்தான் காலி.

கேலன்: யார்கிட்ட கத விடுற? அக்டோபர்ல இந்த ஊர் ஓட்டல்ல ஈ ஓட்டிக்கிட்டிருப்பாங்க.

ராபர்ட்டா: உன் டிவிக்காரன் யாரு? போன தடவை பாதி ஆட்டத்துல கேமராவ அணைச்சுட்டு சாப்பிடப் போனானே உன் மச்சான், அவனா?

கேலன்: ...அவன விடு. அறுபத்துநாலு ஆட்டக்காரங்க வேணும். உன்கிட்ட எத்தன பேர் பதிஞ்சிருக்காங்க? உண்மையச் சொல்லு.

ராபர்ட்டா: ...முப்பத்தொண்ணு. உன்கிட்ட?

கேலன்: ...இருபத்தெட்டு.

ராபர்ட்டா: வெளங்கிரும்! இப்பிடியே போனா ரெண்டும் நடக்காது. அப்பா பேரு இந்த வருஷத்தோட போச்சு. உனக்குக் கொஞ்சமாச்சும் வலிக்குதா?

கேலன்: வலிக்காமத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா? நீ தள்ளி வையேன்க்கா.

ராபர்ட்டா: செத்தாலும் மாட்டேன். இங்க பாரு, போன்ல ஈமெயில் ரெடி. உன் போட்டிக்கு எவன் போறானோ அவன் ரெண்டு வருஷத்துக்கு என் வாசல மிதிக்கக் கூடாது. இந்த பட்டன அமுக்கினா எல்லாருக்கும் போயிரும்.

கேலன்: அடிப்பாவி! நம்ம ஆட்டக்காரன் டெல்பர்ட் நேத்து போன்ல அழுதான்க்கா. 'உங்க ரெண்டு பேர்ல யாரையும் பகைச்சுக்க முடியல, பேசாம லாரி ஓட்டப் போறேன்'னு...

ராபர்ட்டா: அந்தப் பாவம் உன்னத்தான் சேரும்.

கேலன்: சரி, அமுக்கு! ஆனா உனக்கு மேசை யாரு போடுவா? வெர்ஜில் அண்ணே அந்த வாரம் என்கிட்ட வர்றாரு.

ராபர்ட்டா: என்ன ஒளர்ற? எனக்குல்ல வாக்கு குடுத்திருக்காரு! அவரு மட்டம் பாக்காத மேசையில ஒருத்தனும் குச்சியத் தொட மாட்டான்.

கேலன்: அதத்தான் நானும் சொல்றேன். கேளு அவரையே. வெர்ஜில் அண்ணே?

வெர்ஜில்: ...அந்த ரசமட்டத்தக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க.

ராபர்ட்டா: வெர்ஜில்! நீங்க வாயத் தொறக்கலன்னா நான் அமுக்கிருவேன்.

வெர்ஜில்: ஐயோ, அமுக்காதம்மா! ...டிவியும் இல்ல, ஓட்டலும் இல்ல. ஜனவரியில, நான் எப்ப காலியா இருப்பேன்னு கேட்டு ஒரே வாரத்துல ரெண்டு பேரும் போன் பண்ணீங்க. அத வச்சுத்தானே ரெண்டு பேரும் தேதி குறிச்சீங்க? ரெண்டு பேருக்கும் அந்த வாரத்தத்தான் சொன்னேன். போஸ்டரப் பாத்தப்புறம் வாயத் தொறக்கவே பயமாயிருச்சு. அஞ்சு வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தவங்க... அக்காவும் தம்பியும் ராசியாயிட்டீங்க, ஒரே போட்டிக்குத்தான் ஆளுக்கொரு தடவை கேக்குறீங்கன்னு நெனச்சுட்டேன்மா.