சவர்க்காரம் வைத்த மரை

பின்னேரம் ஆறே முக்கால். அச்சுவேலி தாண்டித் தொண்டைமானாற்றுக்குப் போகிற வீதி… வீடில்லை, வெளிச்சமில்லை. எங்கள் சிமியோனின் மச்சான் ஜெபநேசனுக்கு நடந்தது இது. கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள்.

அவர் ஓட்டிப் போனது செத்துப்போன லெனாட்டின் மோட்டார் சைக்கிள். இரண்டு மாதத்துக்கு முன், பண்டத்தரிப்பில் தன் வீட்டு முற்றத்தில் அதற்கு ஒயில் மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். எஞ்சினுக்கு அடியில், ஒயில் வடிக்கிற ஆணியை ஒரு சுற்றுக் கூட இறுக்கிவிட்டார். நறுக்… ஆணி பிடிக்கிற மரை போய்விட்டது. லெனாட் அவசரத்தில் நின்றான். பெற்றோல் தாங்கி ஒழுகினால் சவர்க்காரம் வைத்து அடைத்துப் பழகிய கை ஜெபநேசனுடையது. இங்கேயும் அடைத்தது.

"ஒண்டுமில்லையடா, ஓடு."

மூன்றாம் நாள், இதே வீதியில் ஆணி கழன்று, பின் ரயரில் ஒயில் கொட்டி… லெனாட் மதகில் அடிபட்டுச் செத்தான். வெறியில் விழுந்தான் என்றது ஊர்.

"ஒரு சொட்டும் குடிக்கேல்லை அண்ணை. ஆர் நம்பீனம்?" என்று அவன் மனைவி ஸ்ரெல்லா அழுதாள். ஜெபநேசன் வாய் திறக்கவில்லை.

விற்கப் போகிறேன், ஒருக்கால் பார்த்துத் தாருங்கள் என்று அவளே மோட்டார் சைக்கிளையும் கொடுத்தாள். ஒட்டியிருந்த சவர்க்காரத்தை அவர் ஊசியால் கிண்டி எடுத்தார். மண்ணெண்ணெயால் கழுவினார். துளையைப் பெருப்பித்து, புது மரை வெட்டி, கம்பிச் சுருள் இறக்கி, புது ஆணி பூட்டினார். கீழே விரித்த காகிதத்தில் விடியும்வரை ஒரு பொட்டும் விழவில்லை. இனி ஒருவருக்கும் தெரியாது.

அதை அவளிடம் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில், அதே மதகடியில் எஞ்சின் தானாக நின்றது.

பின் சீற் மெல்ல அமுங்கியது… ஆள் ஏறினாற்போல. கழுத்தடியில் ஈரச் சவர்க்கார மணம். அவர் திரும்பவில்லை.

"சொல்லுறன்ரா லெனாட்… இண்டைக்கே சொல்லுறன்."

எஞ்சின் தானாகவே உறுமியது.

வாசலில் ஸ்ரெல்லா. "என்ன அண்ணை, பேயறைஞ்ச மாதிரி வாறியள்? உதிலை ஏதும் பிழை இருந்ததோ?"

"ஒரு பிழையுமில்லைப் பிள்ளை."

சொல்லிவிட்டு பஸ் பிடித்து வீடு வந்துவிட்டார்.

விடியக் கைபேசி அடித்தது. ஸ்ரெல்லா.

"அண்ணை… கீழை ஒயில் குளமாய்க் கிடக்கு. ஆணி வாசற்படியிலை, ஆரோ கழட்டி வைச்ச மாதிரி. ஓட்டைக்குள்ளை விரலை விட்டுப் பாத்தன்…"

விரலை மணந்து பார்க்கிற மூச்சுக் கேட்டது.

"சவர்க்காரம் அண்ணை. இன்னும் ஈரமாயிருக்கு. உதை ஆர் வைச்சது?"

இந்த முறை சொல்லத்தான் ஜெபநேசன் வாய் திறந்தார்.

நுரைதான் வந்தது.