ரெண்டு ஃபாரம் குறையுது

— என் நாவல்ல கைவைக்க உங்களுக்கு யார் சார் அதிகாரம் குடுத்தது?

— மேடம், முதல்ல உக்காருங்க. நான் பதிப்பகம் நடத்துறவன், எழுதறவன் இல்ல. ஒரு வரிகூட நான் சேர்க்கலை.

— உக்கார வரலை நான். கடைசி அத்தியாயம் என்ன, தானா முளைச்சுதா? என் கதையில பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறா, புருஷன் வாயே திறக்கலை. அதோட முடிஞ்சுது. உங்க புஸ்தகத்துல அவன் முப்பத்திரண்டு பக்கம் பேசறான்.

— நல்லாத்தானே மேடம் பேசறான். பைண்டிங் பண்ற அம்மா படிச்சுட்டு அழுதுட்டாங்க.

— எதுக்குச் சேர்த்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? நூலகத்துக்கு வாங்கறப்போ ஃபாரம் கணக்குலதான் விலை போடுவாங்க. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். புஸ்தகம் பெருத்தா உங்க பை பெருக்கும்.

— உங்க ராயல்டியும் அதுலதான் வருது. பாருங்க, கடையில உங்க புஸ்தகம் தூசி தின்னுது. உங்க முதல் நாவல் மின்நூலா போன வருஷம் சம்பாதிச்ச காசுக்கு ரெண்டு டீ குடிக்கலாம், பிஸ்கெட் கிடையாது. நூலக ஆர்டர் ஒண்ணுதான் நம்ம ரெண்டு பேருக்கும் சோறு.

— அந்தச் சோத்துக்கு என் கதைதான் கிடைச்சுதா? 'அவ செருப்பு வாசல்லயே இருக்கு, தினம் துடைச்சு வெக்கறேன்'னு உருகறான். என் ஆள் உருகற ஆளே இல்ல சார். பதினோரு வருஷம் எதுக்கெடுத்தாலும் 'ம்' கொட்டினவன்.

— என்ன மேடம், புதுசா பேசறீங்க? எழுதி அனுப்பினதே நீங்கதானே. பிழை பார்க்க ப்ரூஃப் அனுப்பறப்போ 'ரெண்டு ஃபாரம் குறையுது, இன்னும் கொஞ்சம் எழுதிக் குடுங்க'ன்னு சீட்டு வெச்சேன். திருத்தின ப்ரூஃபோட இந்த அத்தியாயமும் டைப் அடிச்சு வந்துச்சு.

— பொய் சொல்லாதீங்க. எனக்கு ப்ரூஃபே வரலை.

— கூரியர் ரசீது இதோ. பாருங்க, ஒப்பந்தத்துல நீங்க குடுத்த அதே விலாசம்.

— குடுங்க இப்படி.

— என்ன மேடம், உக்காந்துட்டீங்க? தண்ணி தரட்டுமா? விலாசம் தப்பா?

— விலாசம் சரிதான் சார். ஒப்பந்தம் போட்ட மறுமாசமே நான் அந்த வீட்டை விட்டு வந்துட்டேன். அங்க இப்போ என் புருஷன் ஒருத்தர்தான் இருக்கார்.