மூக்கு தேய்ந்த அரசன்

என் மச்சானுக்கு மூக்கு கொஞ்சம் சப்பை, ஐயா. அது குற்றமில்லை. அவருடைய தங்கையான என் மனைவிக்கும் அதே மூக்குதான். குடித்தனம் நன்றாகத்தான் நடக்கிறது.

அருங்காட்சியகத்தின் நாணய அறையில் நானும் அவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஆராய்ச்சியும் ஒரே ஆளைப் பற்றித்தான்: ரோமாபுரிச் சிம்மாசனத்தைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டே மாதத்தில் சொந்தப் படையிடமே வெட்டுப்பட்டுப் போன ஒரு தளபதி. அந்த அவசரத்திலும் தன் முகத்தை வெள்ளிக்காசில் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான். புதுக்காசு வார்க்க நேரமில்லை. பழைய அரசனின் காசு மேலேயே தன் முத்திரையை அடித்தான். இவன் கன்னத்துக்கு அடியில் அவன் காது எட்டிப் பார்க்கும். அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். எங்களிடம் இருந்த இரண்டு காசுகளிலும் மூக்கு தேய்ந்து போயிருந்தது.

சேர்ந்து எழுதிய புத்தகம் அவர் பெயரில் மட்டும் வந்தது. நன்றியுரையில், தேநீர் வாங்கி வருபவருக்கு அடுத்து நான்.

“என்ன மச்சான் இது?” என்றேன்.

“அட, நமக்குள்ள என்ன மச்சான். என் பேரு வந்தா உங்க பேரு வந்த மாதிரிதானே.”

அதுவும் நியாயம்தான் என்று வீட்டுக்குப் போய் எஃகில் ஓர் அச்சு செதுக்கினேன். பழைய ரோமானியக் காசு ஒன்றைச் சூடாக்கி, காது மட்டும் தெரியும்படி அடித்தேன். அரசனுக்கு மச்சானின் மூக்கை வைத்தேன். தினமும் கண்ணாடி பார்ப்பவர்தானே, கண்டுபிடித்துக் கேட்பார், சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு வியாபாரி மூலம் அது அவர் கைக்குப் போனது.

“மூக்கப் பாருங்க மச்சான். என்னா ராஜகளை.”

“குடும்பக்களை” என்றேன். காதில் விழவில்லை. அசல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிறகு கிணறு தோண்டும் ஒருவர் ஒரு கலயம் நிறையக் காசு கொண்டுவந்தார். அதே தளபதி, அதே காது. மூக்கு மட்டும் கூர். அசலோ அசல். மச்சான் தன் காசோடு வைத்துப் பார்த்தார்.

“மூக்கு ஒத்துவரல. போலி.”

“என் கையால தோண்டி எடுத்ததுங்க” என்று கிணற்றுக்காரர் என் பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்கய்யா.”

மச்சானும் என்னைப் பார்த்தார்.

“நீங்க சொன்னா நான் சொன்ன மாதிரிதானே மச்சான்” என்றேன்.

காசுகளை உருக்கிவிட்டார்கள். கிணற்றுக்காரர் மேல் மோசடி வழக்கு. போன மாதம் சிறையிலேயே போய்ச் சேர்ந்தார். நல்ல மனிதர், கடைசிவரை பேச்சில் மரியாதை குறையவில்லை.

அதற்காக நான் வக்கீலான உங்களைத் தேடி வரவில்லை, ஐயா. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. மச்சானுக்கு மனசு உறுத்தியிருக்கும் போல. அட்டையில் என் பெயரையும் சேர்த்துவிட்டார், நான் அடித்த அந்தப் போலிக் காசின் படத்துக்கு நேர் கீழே. நாளைக்கு விஷயம் தெரிந்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கூடவே இருந்தவனை இப்படியா ஒரு மனிதர் கழுத்தறுப்பார்?