கோலத்துக்குப் போன பூ

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ். மார்கழி என்று பெயர்தான், காலையிலேயே ஜன்னல் கம்பி சுட்டது. முன் சீட்டில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள்.

"எங்க மாடித் தோட்டத்துப் பூசணிக்குப் பிள்ளையே தங்க மாட்டேங்குதுக்கா" என்றாள் இளையவள். நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"தண்ணி ஊத்துறியா?" என்றாள் மூத்தவள்.

"ஊத்துறேன். பிஞ்சு மஞ்சளாகி விழுந்துருது. போன வருசம் வெயில்ல அம்புட்டும் கருகிருச்சேன்னு, இந்தத் தடவை நம்ம கம்பெனித் துணியைச் சுத்திலும் கட்டி மூடிட்டேன்."

"மூடுனா தேனீ எப்படி உள்ள வரும்? நீயே ஆண்பூவைப் பறிச்சுப் பெண்பூவுல தொட்டு வைக்கணும்."

"ஆண்பூவை எப்படிக்கா கண்டுபிடிக்க?"

"அதுக்கு அடியில பிஞ்சு இருக்காது."



"அதைத்தானேக்கா தினமும் பறிச்சு வாசல் கோலத்துல வைக்கேன். காய்க்காத பூதானேன்னு..."

"அம்புட்டையுமா?"

"ஒண்ணு விடாம."

இளையவள் உடனே போனை எடுத்து வீட்டிலிருந்த தங்கச்சியைக் கூப்பிட்டாள். "ஏட்டி, கோலத்துல வச்ச பூவை எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடு... என்னது? எந்த ஆடு?"

போனை மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. வாசலுக்கு வாசல் கோலம், நடுவில் பூசணிப்பூ.

"அப்ப இவிய வீட்ல மட்டும் எப்படிக்கா காய்க்குது?"

மூத்தவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"இவிய பூவையும் கடையில வாங்குதாக, காயையும் கடையில வாங்குதாக."