சீற்றுக்கு அடியில் இருந்த மூடி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்கள் முதலில் சீற்றைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. நான் வாங்கி இரண்டு கிழமைக்குப் பிறகுதான் பார்த்தேன்.

எண்பத்தெட்டு மாசியில் அதை ஊர்காவற்றுறை மீன் வியாபாரி எமிலியானுஸ் அண்ணையிடம் வாங்கினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புளியங்கூடல் வாசிகசாலையில் இருந்த மொழிபெயர்ப்பு நாவல்களை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோல் தாங்கி சீக்கிரம் நிரம்பியது, சீக்கிரம் தீர்ந்தது. ஒரு நாள் காலை சீற்றைக் கழற்றினேன். தாங்கியின் பின்பக்கம் பித்தளை மூடி போட்ட சின்ன வாய் ஒன்று இருந்தது. உள்ளே தகரம் மறித்து ஒட்டித் தனி அறையாக்கியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மணத்தது.

விஷயம் அவ்வளவுதான். முந்திய வருடம் பெற்றோல் வராத மாதங்களில் இயந்திரத்தைப் பெற்றோலில் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். வள்ளக்காரரிடம் மண்ணெண்ணெய் இருந்தது. மீன் காத்திராது. பெற்றோல் திரும்பி வந்ததும் எமிலியானுஸ் அண்ணை குழாயைக் கழற்றிவிட்டார்; அறை மட்டும் மிஞ்சியது.

எனக்கு அது போதவில்லை. நான் வாசித்த கதைகளில் இரகசிய அறைகளுக்குள் கடிதங்கள் இருந்தன.

அன்று பின்னேரம் வாசிகசாலையில் சொன்னேன்: "எமிலியானுஸ் அண்ணை இதுக்குள்ள இயக்கப் பெடியளுக்குக் கடிதம் கொண்டு திரிஞ்சிருக்கிறார்."

"ஆர், அந்த மனுசனோ? ஒட்டி மீனும் ஓரா மீனும் எழுதின கடிதமோ?" என்று தம்பு சிரித்தான். என்னோடு படித்தவன். "மண்ணெண்ணெய்த் தாங்கியாத்தான் இருக்கும் காணும். கொண்டு வாரும், மணந்து பாப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போய்த் தாங்கியைக் கழற்றினேன். அந்த அறைக்குள் சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மூன்று நாள் வெயிலில் வைத்தேன். வள்ளத்தில் போகும்போது நனையாமல் ஒரு புத்தகம் வைக்கலாம் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் தம்பு மணந்து பார்த்தான். சிரிக்கவில்லை.

கதை நயினாதீவு வரை போய்த் திரும்பியது. திரும்பி வந்தபோது கடிதங்கள் துப்பாக்கிச் சன்னங்களாகியிருந்தன. நான் திருத்தவில்லை.

பங்குனியில் இராணுவ முகாமிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஜீப் வந்தது. எமிலியானுஸ் அண்ணையை உள்ளே இருத்தியிருந்தார்கள். அவருடைய மனைவி ஜசிந்தா அக்கா பின்னால் சைக்கிளில் வந்து இறங்கினார். அதிகாரி மூடியைத் திறந்து மணந்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார்.

"மண்ணெண்ணெய்தான் ஐயா விட்டனான். தம்பியைக் கேளுங்கோ, அவருக்குத் தெரியும்."

அதிகாரி என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். ஒருவரும் என்மேல் கை வைக்கவில்லை. வேலியோரம் வாசிகசாலைப் பெடியள் நின்றார்கள். தம்புவும் நின்றான்.

"எனக்குத் தெரியாது. நான் திறக்கேக்க ஒரு மணமும் இருக்கேல்லை," என்றேன்.

"தம்பி, இவர் மீன் விக்கிற மனுசன். ஒரு சொல்லுச் சொல்லும் ராசா," என்றார் ஜசிந்தா அக்கா.

நான் சொன்னால் தம்பு சிரிப்பான். அதைத்தான் அந்த நேரம் நினைத்தேன். எமிலியானுஸ் அண்ணை என்னைத் திட்டவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று எண்ணியவர் போல, "தம்பி, வடிவா யோசிச்சுப் பாரும்," என்று மட்டும் சொன்னார். ஜீப் போயிற்று.

அவர் திரும்பி வரவில்லை. இராணுவம் முகாமை எடுத்துக்கொண்டு போன பிறகும், ஜசிந்தா அக்கா கொஞ்சக் காலம் அந்த வெறும் வாசலுக்குப் போய் நின்றார்.

அவரை நான் கொல்லவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். கதை சொன்னேன், அவ்வளவுதான். தாங்கியைக் கழுவியதுகூடப் புத்தகம் வைக்கத்தான். மோட்டார் சைக்கிள் இன்னும் கொட்டிலில் நிற்கிறது. நேற்று அந்த மூடியைத் திறந்தேன். வாய்க்குள் என் இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை.